எட்டிலிருந்து பன்னிரண்டு

உறவுமுறை எழுதும் கோடு
ஒரு விரற்கடை நீளம்.
‘அக்காவின் கணவர்’ என்று நெருக்கி எழுதினேன்.
விதானையார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
‘அக்கா எங்கை?’ என்றார்.
அக்கா செத்துப் பன்னிரண்டு வருசம்.
‘அப்ப நீர் அவருக்கு என்ன முறை?’

ஆனைக்கோட்டைச் சந்தியில் சைக்கிள் திருத்தும் கடை எனக்கு.
ஒட்டுப் போடும் கையால்
காலை ஆறரைக்கு அத்தானைத் தூக்கி
கதிரையில் இருத்தி
துவாயை வெந்நீரில் முக்கிப் பிழிந்து
கழுத்து, கக்கம், தொடையிடுக்கு.
முறை இதுதான் ஐயா என்று சொல்ல வாய் உன்னியது.
முத்திரை அவரிடம் இருந்தது.

அடுத்த பக்கம்: பிள்ளைகள்.
‘ஒன்று.’
உயிருடன் / காலமானார். பொருந்தாததை வெட்டுக.
இரண்டையும் வெட்டாமல் கொடுத்தேன்.
சண்டிலிப்பாயிலிருந்து திரும்பி வந்தது படிவம்,
சிவப்பு மையில் வட்டம் போட்டு.
இருந்தால் வருமான அத்தாட்சி.
இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ்.
அத்தான் அந்த வட்டத்தைக் கனநேரம் பார்த்தார்.
‘வெட்டாதை’ என்றார்.

நான்கு தரம் பிரதேச செயலகம் போனேன்.
ஒருநாள் கரண்ட் இல்லை.
ஒருநாள் ஐயா கச்சேரியில் கூட்டம்.
ஒருநாள் எல்லாம் இருந்தது, போட்டோக் கொப்பி மங்கல்.
நாலாம் நாள் வேலைக்குப் புதிதாய் வந்த ஒரு பிள்ளை
ஓரத்தில் பென்சிலால் எழுதினாள்:
‘காணாமற்போனவர். விசாரணை முடியவில்லை.’
கொஞ்சம் யோசித்து
அதன் மேலேயே பேனையால்.

வீடு பார்க்க அவளே வருவதாய்ச் சொன்னார்கள்.
முதல்நாள் இரவே சொல்லி வைத்தேன்:
எழும்பாதேங்கோ அத்தான்,
கேட்டால் ஏலாது எண்டு சொல்லுங்கோ,
பொய்யில்லைத்தானே.

ஒன்பதரைக்கு ஸ்கூட்டிச் சத்தம்.
உள்ளே என்னவோ உருண்டது.
மூன்று மாதமாய் என் தோளில்லாமல் நிற்காதவர்
கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்,
சட்டைப் பொத்தான் ஓர் ஓட்டை மாறி.
‘வாங்கோ பிள்ளை, இருங்கோ.
இவன் சும்மா உங்களைக் கரைச்சல் படுத்திறான்.
எனக்கொரு குறையுமில்லை.’
முப்பத்தொரு வருசம் இ.போ.ச. பஸ் ஓட்டியவர்.
கைகாட்டிய ஒருவரையும் றோட்டில் விட்டுவராதவர்.

எனக்குக் கோபம் தொண்டைவரை.
அவள் கோப்பைத் திறக்கவில்லை.
‘நீங்களும் இருங்கோவன் ஐயா’ என்றாள்.
அவர் இருக்கவில்லை.
இருப்பதற்கு முழங்கால் மடிய வேண்டும்.
நிலையைப் பிடித்த விரல்கள்
ஒவ்வொன்றாய் வெளுத்தன.
நான் போய்த் தாங்கிக்கொண்டேன்.
அவள் யன்னலுக்கு வெளியே முருங்கையைப் பார்த்தாள்.
பிறகு குனிந்து எழுதினாள்.

செவ்வாயும் வெள்ளியும்,
எட்டிலிருந்து பன்னிரண்டு.
ஆறு மாதத்துக்கு. அதற்குப் பிறகு பார்ப்போம்.

துசிகரன் என்று ஒரு பொடியன்,
பயிற்சி எடுத்தவன், கையுறை போடுகிறவன்.
அத்தான் அவனிடம் ஒரேயொரு கேள்வி கேட்டார்:
‘உனக்கு எத்தினை வயது?’
இருபத்திமூன்று.
சட்டையைக் கழற்றச் சொல்லி
கையைத் தூக்கிக் கொடுத்தார்.

நான் வாசலில் நின்றேன்.
‘நீங்கள் போகலாம் அண்ணை’ என்றான்.
எங்கே?
கடையை ஒன்பதுக்குத் திறந்தால் போதும்.
பண்ணைப் பாலம் வரை மிதித்தேன்.
கடல் முழங்கால் ஆழத்தில் கிடந்தது.
களங்கட்டித் தடியில் ஒரு நீர்க்காகம்
செட்டையை விரித்துக் காயவிட்டிருந்தது.
ஐந்து நிமிடம் இருந்தேன்.
கையை மணந்து பார்த்தேன், சவர்க்கார வாசம் இல்லை.
என்னவோ போலிருந்தது.

ஒன்பதுக்கு முன்பே திரும்பி
படலையைச் சத்தமில்லாமல் நீக்கினேன்.
கிணற்றடியில் தண்ணீர் ஊற்றும் சத்தம்.
அத்தான் அதட்டுகிறார்:
‘மெல்ல, மெல்ல.
வளைவு வருகுது, பிறேக்கிலை காலை வை.’
பொடியன் சிரிக்கிறான்.

படலையைத் திரும்பச் சாத்தினேன்,
வெளியில் நின்றபடி.