ஒரு சாண் குச்சி

உள்ளே வா, வால்க்கீரியா.
வாசலில் நின்று கேட்கிற சாமான் இல்லை இது.
நாய்க்குப் பயப்படாதே,
வேலிக்குப் பயப்படு.

அடாவுட்டோ பழைய வேலியைப் பிடுங்கிவிட்டு
சிமெண்டுச் சுவர் எழுப்பியது சந்தையில் காதில் விழுந்தது.
ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்குழம்புக்கு
இலை தேடி நீ வருவாய் என்று
அன்றைக்கே தெரியும்.

இது கள்ளி என்றால் சிரிப்பாய்.
உன் பியாவி வறட்டுக் காட்டில்
கள்ளி என்றால் இலையைத் துறந்த தூண்.
குலம் முழுக்க இலையை முள்ளாக்கிக்கொண்டபோது
இவள் மட்டும் இரண்டையும் வைத்துக்கொண்டாள்.
இலையைத் தூக்கிப் பார்:
காம்படியில் பூனைநகம் போல இரண்டு கொக்கி.
முதிர்ந்த தண்டில் அது ஊசிக்கட்டு.
நிமிர்ந்தும் நிற்பாள்,
கிடைத்ததைப் பற்றி ஏறவும் செய்வாள்.

பெயர்க் கதை உனக்குத் தெரியாதா?
பாதிரியார் கோயிலுக்குள் மன்றாட்டு மாலை நீட்டுவாராம்.
ஒவ்வொரு புனிதருக்கும்
'ஓரா ப்ரோ நோபிஸ்',
எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.
ஒவ்வொரு வேண்டலுக்கும்
அவர் வீட்டு வேலியில் ஒரு கைப்பிடி இலை காணாமல் போகும்.
புனிதர்கள் கூடக்கூட
மீனாஸ் மலைகளில் குழம்பு கெட்டிப்பட்டது.
உண்மையோ பொய்யோ,
செடிக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

நானும் திருடியதுதான்.

நாங்கள் பிரிந்தபோது எழுத்தர் வாசித்தார்:
லாரி அவருக்கு.
குளிர்பெட்டி எனக்கு.
பன்றி ஆளுக்கொன்று.
வேலியை யாரும் எழுதவில்லை.
பயிரை மேய்கிற வேலியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள்.
பயிராகவே நிற்கிற வேலிக்கு
அந்தத் தாளில் கட்டம் இல்லை.

அன்றிரவு பள்ளிக்கூடச் சமையலறைக் கத்தரியோடு போனேன்.
நாய் வாலை ஆட்டிற்று.
மணிக்கட்டில் முள் கிழித்து
நான் மூச்சை இழுத்த சத்தம் கேட்டிருக்க வேண்டும்.
கதவு திறந்தது. ஒரு வார்த்தை இல்லை.
தோல் கையுறை ஒன்று பறந்து வந்து விழுந்தது.
இடதுகை.
கதவு மூடிக்கொண்டது.

சரி, கவனி.
பென்சில் தடிமன், ஒரு சாண் நீளம்.
வெட்டிய வாய் காய இரண்டு நாள் நிழலில் போடு.
மூன்றில் ஒரு பங்கை மண்ணுக்குள் விடு.
தண்ணீரைச் சொட்டாகக் கொடு,
பாசத்தால் அழுகிப்போன குச்சிகள்தான் அதிகம்.
ஒரு மாதத்தில் வேர்.
பிடுங்கிப் பார்க்காதே.
நான் பிடுங்கிப் பார்த்தேன்,
இரண்டு செத்தன.
பிறகு வெயிலுக்கு மாற்று, பற்றிக்கொள்ளக் கழி நடு.
மழை பொய்த்தாலும் பொறுப்பாள்.
கடும் உலர்காலத்தில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்பாள்,
பிணம் என்று வெட்டிவிடாதே.
வெட்டவேண்டிய காலத்தில் இரக்கம் பார்க்காதே:
வெட்டாவிட்டால்
உன் ஜன்னலுக்குள் வந்து தூங்குவாள்.

குழம்பு இறக்கும்போது இலையைப் போடு, முன்னால் இல்லை.
அதிகம் கிண்டினால்
வெண்டைக்காய் போல நூல்விடும்.
பக்கத்தில் சோளக்களி சூடாக இருக்கட்டும்.

பள்ளியில் நூற்றுப்பத்துத் தட்டு.
நகரத்திலிருந்து வந்த சத்துணவு அதிகாரி
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
'புரதம்' என்றாள்.
'ஏழைவீட்டு இறைச்சி' என்று
இங்கே எப்போதோ பெயர் வைத்தாயிற்று.
பிள்ளைகளோ
பச்சை தெரிந்தாலே ஓரமாக ஒதுக்குகிறார்கள்.
நான் பொடியாக நறுக்கி அப்பத்தில் ஒளிக்கிறேன்.

ஒரு நாள் பூக்கும்.
வேலி முழுக்க வெள்ளை, நடுவில் ஆரஞ்சுத் தூள்,
தேனீக்கள் பித்துப்பிடித்து.
மறுநாள் அத்தனையும் தரையில்.
அந்தக் காலைகளில் மணி அடித்தபிறகுதான்
நான் பள்ளிக்குப் போகிறேன்.
தலைமையாசிரியருக்கு பஸ் மேல் பழி.

இந்தா, ஆறு குச்சி.
சுவருக்கு உள்ளே நடு, வெளியே நடு, உன் இஷ்டம்.
ஆறு மாதத்தில் சிமெண்டு தெரியாது.

கையுறை தரமாட்டேன்,
இது இடதுகை, எனக்கு வேண்டும்.
வலதுகையுடையது அங்கேதான் இருக்கும்:
அடுப்புக்கு மேல் பலகையில்,
காப்பித்தூள் டப்பாவுக்குப் பின்னால்.
அவர் எதையும் இடம் மாற்றி வைக்கிற ஆள் இல்லை.