அட்டையில் உள்ளபடி

கேள்வியை எழுதியவன் நான்தான்.
எட்டாம் சுற்று, பத்து மதிப்பெண், மஞ்சள் அட்டை:
வைகை எதில் கலக்கிறது?
பின்பக்கம், என் கையெழுத்தில்,
வங்கக் கடல்.

காளவாசல் பக்கம் ஒரு லாட்ஜ் மாடியில் செட்.
காமிரா ஓடும்போது ஏ.சி.யை நிறுத்திவிடுவார்கள்,
சத்தம் மைக்கில் ஏறுகிறதாம்.
ஐந்தாவது சுற்றுக்குள் நடுவர்கள் மூவரும்
வெந்துபோயிருந்தோம்.

பஸ்ஸரை அடித்தது நாகஜோதி.
டைல்ஸ் கடையில் பில் போடுகிறவள்,
பரமக்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவள்.
"ராம்நாடு பெரிய கண்மாய்" என்றாள்,
யாரோ வழி கேட்டதுபோல.

அட்டையைத் திருப்பினேன்.
தப்பு என்றேன்.
விளக்கு சிவப்பாகும் முன்பே
முடிந்துவிடுகிற சொல் அது.
கேள்வி அடுத்த மேஜைக்குப் போனது.
ஆரோன், இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு,
கடல் என்றான். கைதட்டல்.

அவள் கத்தவில்லை.
கத்தியிருந்தால் சுலபம்,
அதற்கு விதி இருக்கிறது, பதினொன்றாவது.
மைக்கை ஒருதரம் தட்டிப் பார்த்துவிட்டு
"சார், அது கடலுக்குப் போனத
நீங்க பாத்திருக்கீங்களா?" என்றாள்.

கட்.

ஒரு தகராறை நடத்த
இத்தனை பேர் வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது.
டீ சொல்ல ஒரு பையன்.
இரண்டு போட்டியாளரையும்
இரண்டு அறையில் உட்காரவைக்க ஓர் ஆள்.
அவள் அண்ணனை மாடிப்படியிலேயே நிறுத்த இன்னொருவர்.
வக்கீல் காசிம் ராவுத்தர் விதித்தாளை விரித்தார்:
நடுவர் தீர்ப்பே இறுதியானது.
"இறுதின்னா எப்ப?
ஒளிபரப்புக்கு முன்னயா, பின்னயா?"
என்று அவரே அதை மடித்தும் வைத்தார்.

சகாயமேரி டீச்சர் போனில்
ஆற்றை விரலால் பிடித்துக்கொண்டே போனார்.
மானாமதுரை. பார்த்திபனூர். பரமக்குடி.
நீலக்கோடு கண்மாய்க்குள் நுழைந்து
படுத்துக்கொண்டது.
"மிச்சம் இருந்தா ஆத்தங்கரையில கடலுக்குப் போகுது."
"மிச்சம் இருந்தா" என்றார் ராவுத்தர்.
இருவரும் என்னைப் பார்க்காமல்
டீ குடித்தார்கள்.

நான் மதுரைக்காரன்.
ஏ.வி. பாலத்தில் நின்று பார்த்தால்
தண்ணீர், வந்தால், கிழக்கே போகிறது.
கிழக்கே கடல் இருக்கிறது.
நடுவில் ஊர்கள் குடிக்கும் என்பதை
நான் கணக்கில் சேர்க்கவில்லை.

டைரக்டர் கோகுல் தலையை நீட்டினான்.
"தீர்ப்பு எப்படின்னாலும் சரி சார்.
தப்புன்னு சொன்னப்ப அந்தக்கா மூஞ்சி
காமிராவுல விழல.
ஒருவாட்டி திரும்ப எடுத்துக்குவமா?"

அவள் சரி என்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.
மேஜையில் போய் நின்று
முகத்தைக் கொஞ்சம் தொங்கப்போட்டாள்.
"இன்னுங்கொஞ்சம்க்கா."
இன்னும் கொஞ்சம் தொங்கப்போட்டாள்.
மறுபடி கைகளைத் தூக்கச் சொன்னபோது
ஆரோன் பாதியில் இறக்கிவிட்டான்.
"நானும் புக்குல பாத்ததுதான்" என்றான்,
யாரிடம் என்றில்லாமல்.

ஒன்றரை மணி நேரம் கழித்துத் தீர்ப்பு:
கேள்வி ரத்து.
அவளுக்கும் இல்லை, அவனுக்கும் இல்லை.
பதிலுக்கு ஒரு கேள்வி,
ஏதோ ஒரு நாட்டின் நாணயம்.
அது இருவருக்குமே தெரியாது.
ஐந்து மதிப்பெண்ணில் தோற்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பில் வைகை இல்லை.
நாணயத்துக்குப் பிறகு வந்தது அந்த முகம்,
இரண்டாம் முறை தொங்கப்போட்டது.
நன்றாகத்தான் பொருந்தியது.
என் மனைவிகூட "பாவம், இந்தப் பிள்ள" என்றாள்.

படப்பிடிப்பு முடிந்து
ஆறுதல் பரிசு டிபன்கேரியரோடு இறங்கியவள்
படியில் நின்று பையைத் துழாவினாள்.
"அடுத்தவாட்டி தண்ணியப் பத்தி எழுதுனா
ஒரு போன் போட்டுக் கேட்டுக்கங்க சார்."

நம்பர் சட்டைப் பையில் இருக்கிறது,
ஒரு பில்லின் பின்பக்கம்.
முன்பக்கம்:
இரண்டுக்கு இரண்டு, ஐவரி, நாற்பது பெட்டி,
உடைந்தது மூன்று,
கழித்துக்கொள்ளவும்.