நீங்கள்

தூதர் விமானம் ஏறிவிட்டாராம்,
கை நனைக்காமல் எழுந்துபோகும் சம்பந்தியைப் போல.
போர்ட் அடிலெய்டில் தூறல்.
வரைபடச் சுருள்களுக்குள்ளேயே
மூழ்கிவிட்டன எங்கள் நீர்மூழ்கிகள்.

சோலேன் மேசையைக் காலி செய்கிறாள்.
செவ்வாய் மாலைகளில்
மரைக்கும் பற்றவைப்புக்கும் பிரெஞ்சில்
பெயர் சொல்லித்தந்தவள்.
அவள் மொழியிலும் உண்டு நீ, நீங்கள்.
இரண்டாம் மாதமே
நாங்கள் நீ-க்கு வந்திருந்தோம்.

"நீங்கள் முன்கூட்டியே
ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

மரியாதையா, பன்மையா?
குடியுரிமை வாங்கிப் பதினோரு நாள்.
முதன்முதலாக ஒருத்தி
என்னை ஆஸ்திரேலியா என்று எண்ணிக்
கோபித்துக்கொள்கிறாள்.

எனக்கும் யாரும் சொல்லவில்லை, சோலேன்.
சொல்ல வாயெடுத்து,
அவள் காபிக் கோப்பையைச் சுற்ற
இன்றைய நாளிதழைக் கொடுத்தேன்,
தலைப்புச் செய்தி
உள்பக்கமாக இருக்கும்படி.