இடப்பக்கத்தால எடுங்கோ

போட்டோக்கொப்பி மெசின் திருத்துவது என் தொழில்.
மாங்குளம், மல்லாவி, துணுக்காய், ஒட்டுசுட்டான்.
பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கம், பிரதேச செயலகம்.
ஸ்கூட்டிப் பெட்டிக்குள் டோனர், உருளை, பழைய பனியன் துணி.
போகிற வழியில் சிலை கண்டால் நிற்பேன்.
ஏனென்று சொல்லத் தெரியாது.
ஓடுகிற தாள்களோடு நாள் முழுதும் மல்லுக்கட்டுகிறவளுக்கு
அசையாத ஒன்று தேவைப்படுகிறதோ என்னவோ.

துணுக்காய்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில்
சரஸ்வதியின் வீணைக்கு ஃபியூஸ் கம்பி.
சித்திர ரீச்சரின் வேலை.
"கரண்ட் போற நாளில மட்டும் ஒண்டைக் கழட்டுவம் மிஸ்"
என்றான் காவலாளி கிருபைராசா.
சிரிக்கவேயில்லை.
படத்தில் மூன்று நரம்புதான் இருக்கிறது.

மல்லாவிச் சந்தியில்
நீலத் தறப்பாள் சுற்றி, கழுத்திலும் இடுப்பிலும் கயிறு கட்டி
ஐந்து மாதமாய் ஒருவர் நிற்கிறார்.
திறக்க வேண்டியவர் இன்னும் வரவில்லை.
ஆர் உள்ளே?
புலவர் என்றது தேத்தண்ணிக் கடை.
குளம் கட்டினவர் என்றது சைக்கிள் கடை.
காற்றடிக்கத் தறப்பாள் முழங்காலில் ஒட்டியது,
அந்த நொடியில் எடுத்தேன்.
யாராயிருந்தாலும்
உட்கார ஆசைப்படுகிற முழங்கால்.

பிறகு, துவக்கும் கொடியுமாய் அந்தப் பெரிய சிலை.
அதற்கு நான் நிற்பதில்லை.
அன்று டயர் காற்றுப் போனது, சரியாய் அதன் முன்னால்.
குளியாப்பிட்டி பஸ். ஒரு குடும்பம், ஆறு பேர்.
"நங்கீ, பொட்டோ எகக்..."
போனை நீட்டினார் தகப்பன்.
சின்னவளின் கையில் பாதி தின்ற சோளம்.
நெருங்கி நிற்கச் சொன்னேன்,
கண்ணைச் சுருக்காதே என்று சைகை காட்டினேன்.
ஆறு முகமும் தெளிவு. சோளமும் தெளிவு.
சிலைக்கு மட்டும் சப்பாத்துவரைதான் இடம் கிடைத்தது.
வேண்டுமென்று செய்யவில்லை.
"ஹொந்தய்" என்றார் தகப்பன், பெரிதாக்கிப் பார்த்து.
மூத்த மகன் ஸ்கூட்டியை ஒட்டுக் கடைவரை தள்ளிவந்தான்.
வேண்டுமென்றுதான் செய்தேனோ என்று
அவன் பக்கத்தில் நடந்தபடி யோசித்தேன்.

கள்ளப்பாட்டுக் கரையில் அந்தோனியார்.
ஒருக்கால் கடல் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து போட்டது.
ஒருக்கால் ஷெல்.
கையிலிருந்த பாலனைக் காணவில்லை.
வளைந்த கை மட்டும்
அந்தப் பாரத்தை இன்னும் தூக்கியபடி.
போனை உயர்த்தினேன்.
"பொறுங்கோ, பொறுங்கோ!"
மீன் வெட்டிய கையைச் சட்டையில் துடைத்தபடி
ஓடிவந்தாள் எமரன்சியா.
பாஸ்போட் படத்துக்குப் பிள்ளையை நிறுத்துகிற மாதிரி
துவாய் நுனியால் அவர் முகத்து உப்பைத் துடைத்தாள்,
தோளில் காகத்தின் எச்சத்தை நகத்தால் சுரண்டினாள்.
"இடப்பக்கத்தால எடுங்கோ.
வலப்பக்கம் எங்கட மனுசன் சீமெந்து பூசினது, வடிவில்லை.
அந்தாளுக்கு வலை பொத்தத்தான் தெரியும்.
தெரிஞ்சிருந்தது."
திருத்தியதை நான் கேட்காத மாதிரி நின்றேன்.
சொன்னபடி இடப்பக்கத்தால் எடுத்தேன்.
அவள் மீனுக்குத் திரும்பிய பிறகு
வலப்பக்கமும் எடுத்தேன்.
சீமெந்தில் ஐந்து விரலின் இழுப்பு,
காதிலிருந்து கழுத்து வரைக்கும்.

மெசின் மூடியைத் திறந்தால் எப்போதும் ஏதாவது கிடக்கும்.
காணி உறுதி, மரணச் சான்றிதழ்,
ஒருமுறை ஒரு பெடியனின் பழைய அடையாள அட்டை.
கொப்பியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறது சனம்.
மூலம் கண்ணாடியில் குப்புறப் படுத்திருக்கும்.

அடுத்த மாதம் கச்சேரி மெசினில் உருளை மாற்றி
சோதனைத் தாளாய் அந்தோனியாரை அடித்தேன்,
இரண்டு பக்கத்தையும், இரண்டு தாளில்.
இடப்பக்கத்தைப் பார்த்தாள்.
"கறுத்துப்போனார்."
டோனர் கூடிப்போச்சு அக்கா, என்றேன்.
மற்றதைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.
"இதை நீங்க வைச்சிருங்கோ" என்று
இடப்பக்கத்தைத் திருப்பித் தந்துவிட்டு,
வலப்பக்கத்தை
மீன் ஈரம் படாமல் இரண்டு விரலால் ஓரத்தில் பிடித்து
வீட்டுக்குள் கொண்டுபோனாள்.