பதினெட்டுக்குப் பன்னிரண்டு

முதலில் கால்மிதி.
அடுத்த வாரம் ஸ்டீபன்ஸன் கோயிலுக்குக் கொண்டுபோகும் பை,
பாட்டு நோட்டு உள்ளே இருக்க.
மூன்றாவதாக,
லிட்வின் மகளின் புதுநன்மைக்குத் தைத்து
இஸ்திரி போட்டுக்
கூடையில் மடித்து வைத்த
வெள்ளைக் கவுன்.

அன்றைக்குத்தான் பிடரியைப் பிடித்து
மூக்கை அதில் அழுத்தினேன்.
"மணத்துப் பாரு, சவமே."
மரச்சீனி காதை மட்டும் பின்னால் மடக்கியது.
(முதுகு மண் நிறம், வயிறு தோலுரித்த கிழங்கு.
பெயர் அப்படி விழுந்தது.)

இடவப்பாதி மழை.
கருங்கலில் நாலு நாளாய் வெயில் எட்டிப் பார்க்கவில்லை.
வினிகரில் ஊறவைத்தேன், சோடாப்பொடி தேய்த்தேன்,
ஃபேனுக்குக் கீழே கயிறு கட்டித் தொங்கவிட்டேன்.
இரவெல்லாம் தலையில்லாத ஒரு பிள்ளை
அறைக்குள் ஆடிக்கொண்டிருந்தது.
தரைக்குப் பினாயில்.
விடிந்தால் பினாயிலின் மேலேயே
புதிதாய் ஒரு குளம்.

"சாக்குல கெட்டி திங்கள்சந்தைல விட்டுரட்டா?
மீனு உண்டு அங்க. அதுக்குக் கொள்ளாம்."
ஸ்டீபன்ஸன் இதைச் சொன்னது
பொரித்த சாளையைப் பிய்த்து
அதன் வாயில் கொடுத்துக்கொண்டே.

கால்நடை ஆஸ்பத்திரியில்
எனக்கு முன்னால் ஏழு ஆடு, சினை நிற்காத ஒரு பசு.
டாக்டர் சின்னப் பெண், ரெயின்கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
ரத்தம் போகுதா? முக்குதா? சொட்டுச் சொட்டாகவா?
இல்லை, இல்லை, இல்லை.
வயிற்றை அமுக்கிப் பார்த்தாள்.
"நல்லது. பினாயில் வேண்டாம், பூச்சைக்கு அது விஷம்.
இதுக்க மண்தட்டு எங்க இருக்கு?"
பின்னால, தண்ணி மோட்டார் பக்கத்துல.
"எப்பவும் அங்கயா?"

நான் பதில் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து இஞ்சு டேப்பை எடுத்தேன்.
குழுவில் கடன் போட்டு வாங்கிய ஓவர்லாக் மெஷின்
ஜன்னல் வெளிச்சத்தில் நிற்கிறது.
அதன் காலடியில்தான் கால்மிதி ஒதுங்கிக் கிடந்தது,
பை சாய்ந்திருந்தது, கூடை இருந்தது.
ஈரத்தின் நீளம் பதினெட்டு இஞ்சு,
அகலம் பன்னிரண்டு.
நீலத்தட்டு முன்பு இருந்த இடம்.
ஒரு இஞ்சுகூட
அது தவறவில்லை.

கல்யாணமாகி வந்த புதிதில்
என் மெஷினையும் அந்த மோட்டார் பக்கத்தில்தான் போட்டார்கள்.
மாடித் தொட்டி நிறையும்வரை ஊசி நடுங்கும்,
தையல் கோணும்.
எட்டு வருஷம்.
ஒரு கால்மிதியைக்கூட
நான் நனைத்ததில்லை.

தவணை இன்னும் பத்தொன்பது பாக்கி நிற்கும் மெஷினை
ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கினோம்.
"ஒரு பூச்சைக்கு வேண்டியாக்கும் இந்தப் பாடு"
என்று ஸ்டீபன்ஸன் மூச்சு வாங்கினான்.
இப்போது அது வாசலை அடைத்து நிற்கிறது.
ரவிக்கைத் துணி கொண்டுவருகிறவர்கள்
நண்டு மாதிரி பக்கவாட்டில் நுழைகிறார்கள்.

லிட்வினிடம் நான் உண்மையைச் சொல்லவில்லை.
பாவாடைப் பகுதியை மட்டும் என் காசில் புதிதாய் வைத்தேன்.
ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளை
கைகூப்பிப் பீடத்துக்கு நடந்தபோது
மூன்றாம் வரிசையில் நான்
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
ஊதுபத்தியும் மல்லிகையும் காப்பாற்றின,
அல்லது கர்த்தர்.

ஈரக்காற்று அடித்தால்
இன்னும் லேசாய் ஒரு நெடி எழும்.
இரண்டு நாள் மரச்சீனி
தட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது,
வாடகைக்கு வீடு பார்க்க வந்தவன் போல.

மூன்றாம் நாள் இரவு பத்துக்கு மேல்,
கை ஓரம் மடித்துக்கொண்டிருந்தேன்,
ஜன்னலடியில் சரக், சரக்கென்று
மணல் பறிக்கும் ஓசை.

காலை மிதியிலிருந்து எடுத்தேன்.
முடிக்கட்டும்.