நானூற்றுப் பத்து

மகராஜநகர், ஜெராக்ஸ் கடை மாடி.
மழை பெய்தால் ரௌட்டர் சாகும், வெயிலென்றால் நான்.
தையல்காரிகளுக்கு ஒரு தளம்:
ஆளுக்கொரு பக்கம், அதில் அவள் தைத்த ரவிக்கைகள்.
போன மாதம்வரை எல்லோரும் எண்தான்.
பயனர், சாய்கோடு, நாலாயிரத்து நூற்றேழு
என்று யார் தன் கடைப்பலகையில் எழுதுவாள்?

எண்ணை எடுத்தேன், பெயரை வைத்தேன்.
வழித்தடக் கோப்பில் ஒரே ஒரு வரி.
ஒரு பெயர் ஒருத்திக்குத்தான் என்று விதி எழுதி
என்டர் தட்டியதும்
ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வந்து நின்றார்கள்
பதினோரு இசக்கியம்மாள்கள்.

இசக்கி-2, இசக்கி-3 என்று போட்டது நிரல்.
மூன்றாம் இசக்கி போனில் கேட்டாள்,
"எனக்கு முன்னால நிக்கது யாருட்டி?"
ஊரைக் கேட்டு ஒட்டினேன்.
முன்னீர்பள்ளம் இசக்கி, பேட்டை இசக்கி.
கருங்குளத்தில் மட்டும் இரண்டு; ஒருத்தி
"வாய்க்கால்பாலம்னு போடு" என்றாள். போட்டேன்.

தாழையூத்து பூங்குழலிக்கு ஆங்கில எழுத்து ஆகவில்லை.
தமிழிலேயே விட்டேன்.
வாட்ஸப்பில் அனுப்பினால்
சதவீதக் குறிகளாய் உடைந்து
அளவுநாடாபோல் நீண்டது அவள் பெயர்.
பரவாயில்லையாம். "முழுசா இருக்குல்லா?"

அப்புறம் உலகம்மாள் சுடலைமணி.
பின்பாதியை எடுக்கச் சொன்னாள். எடுத்தேன்.
பழைய வாசலில் வழக்கம்போல
முந்நூற்றொன்று: நிரந்தரமாக இடம் மாறியது.
வருகிறவரைக் கையைப் பிடித்துப்
புது இடத்துக்குக் கூட்டிப்போகும்.
நல்ல பழக்கம் அது. தேடுபொறிக்கும் பிடிக்கும்.

சாயங்காலமே கூப்பிட்டாள்.
"யம்மா, அந்தப் பழைய பேரத் தட்டினா
என் கடைக்குக் கொண்டாந்து விடுதுல்லா?"
"ஆமாக்கா. யாரும் வழி தவறிரக் கூடாதுன்னுதான்."
கொஞ்ச நேரம் மெஷின் ஓடும் சத்தம் மட்டும்.
நூல் அறுத்தாள்.
"தவறட்டும்."

நானூற்று நாலு சரிவராது:
அப்படி யாரும் இருந்ததாகவே தெரியாது என்று கைவிரிக்கும்.
அதிகம் புழங்காத இன்னொரு எண் உண்டு.
நானூற்றுப் பத்து.
இருந்தது. இப்போது இல்லை.
எங்கே என்று கேட்காதே.
அதைப் போட்டேன்.
அந்தப் பெயரை இனி வேறு எவளும் எடுக்காதபடி
பூட்டியும் வைத்தேன்.

மறுநாள் பதிவேட்டைத் திறந்தால்
பழைய முகவரிக்கு ஒரே கைபேசியிலிருந்து
ராத்திரி ஒன்றே கால், ஒன்று பதினாறு,
மறுபடி ஒன்று பதினாறு, ஒன்றரை.
மொத்தம் பத்தொன்பது தடவை.
பத்தொன்பதுக்கும் சளைக்காமல்
அதே பதில்.

அவளிடம் சொல்லவில்லை.
புதுப் பக்கத்தில் ஒரு ரவிக்கை ஏறியிருந்தது:
கிளிப்பச்சை, முதுகில் முடிச்சு,
கூலி நானூற்றைம்பது.