மொட்டைமாடியில் உருளைக்கிழங்கு

தலைமை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல்:
செப்டம்பர் பதினைந்திலிருந்து ஒரு மாதம்
லத்தீன் அமெரிக்கப் பண்பாட்டைக் கொண்டாடவும்.
ஆறாயிரம் ரூபாய். ரசீது அவசியம்.
படங்கள் மிக அவசியம்.

மரப்பாலம் தாண்டிக் கடலூர் சாலையில் நான்காவது மாடி.
இராத்திரி முழுக்க ஸ்பானிஷில்
காணாமல்போன கன்டெய்னர்களுக்குப் பதில் சொல்கிற
எங்கள் ஏழு பேரைக் 'குழு' என்று அறிவித்தார்கள்.
ஆறு பேருக்கு அந்த மொழி, சம்பளம்.
மரிசோல் கிஸ்பேவுக்கு
பள்ளிக்கூடத்தில் அடித்துச் சொல்லிக்கொடுத்த மொழி.
வீட்டில் பேசியது வேறாம்.
இரண்டு வருஷமாகப் பக்கத்து நாற்காலி,
எனக்கு அன்றுதான் தெரியும்.

குயிலாப்பாளையத்துக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு வந்து
அவிழ்த்துக்கொண்டும் இங்கேயே தங்கிவிட்டவள்.

நேரு வீதியில் சார்ட் பேப்பர் வாங்கி
ஏழு அகலத் தொப்பிகள் வெட்டினேன்.
வாசலில் தெர்மோகோல் கள்ளி.
மரிசோல் சுற்றிவந்து பார்த்தாள்.
"அழகு. ஆனால் இது மெக்சிகோ.
எங்கள் பொலிவியா அங்கிருந்து
பாண்டிக்கும் பீஜிங்குக்கும் உள்ள தூரம்."
சொல்லிவிட்டுத் தொப்பியை மாட்டிக்கொண்டு
"படத்துக்குப் போதுமா?" என்றாள்.

சுருக்கென்றது.
போன தீபாவளிக்கு ஹூஸ்டன் அலுவலகத்தில்
நெய்வேலி இன்பவல்லிக்குத் தலைப்பாகை கட்டி
பாங்க்ரா ஆடச் சொன்னார்கள்.
ஆடினாள்.
நன்றாகவே ஆடினாள், அதுதான் வயிற்றெரிச்சல்.

"உனக்கு என்ன வேண்டும், சொல்."
யோசிக்கவில்லை.
"உருளைக்கிழங்கு."

அவள் ஊர் மலையில், இரவுப் பனியில் கிழங்கைப் பரப்பி
உறையவிட்டு, விடிந்ததும் வெறுங்காலால் மிதித்து
நீர் பிழிந்து வெயிலில் போடுவார்களாம்.
கறுத்து, கூழாங்கல்லாகி, வருஷக்கணக்கில் கிடக்குமாம்.
"வத்தல்" என்றேன்.
"இருக்கலாம்" என்றாள், முழுக்க ஒப்பாமல்.

பாண்டியில் பனிக்கு எங்கே போவது?
கேன்டீன் ஐஸ்கிரீம் பெட்டியில் பத்துக் கிலோ.
கலிவரதன் மூன்று நாள் முணுமுணுத்தார்,
கோன் ஐஸில் மண்வாடை அடிக்கிறதென்று.

நான்காம் நாள் ஷிஃப்ட் முடிந்து மொட்டைமாடி.
தார்ப்பாயில் கிழங்கு, உறைந்து உருகி,
தவளை முதுகாய்ச் சுருங்கி.
ஷூவைக் கழற்ற யாருக்கும் மனமில்லை.
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு
ஏறினாள் அஞ்சலாட்சி,
பாகூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து
எங்கள் தரையைத் துடைக்கிறவள்.
சேலையைத் தூக்கிச் செருகினாள்.
நடவுச் சேறு பழகிய கால்.
மரிசோல் எதிரே நின்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.
ஸ்பானிஷ் இல்லை, தமிழ் இல்லை,
சளக் சளக்.

நடுவில் மரிசோல் கிழக்கே பார்த்து நின்றாள்.
"எங்கள் நாட்டுக்கும் கடல் இருந்தது. போரில் போய்விட்டது.
கடற்படை மட்டும் இன்னும் இருக்கிறது."
மொழிபெயர்த்தேன்.
"கடலக்கூடவா புடுங்குவானுவ" என்றாள் அஞ்சலாட்சி,
மிதிப்பதை நிறுத்தாமல்.

படமெடுக்க வந்த மேலாளர் சொன்னார்:
குழுப் படத்தில் பணியாளர்கள் மட்டும்.
அஞ்சலாட்சி ஏஜென்சிக் கணக்கு.
யாரும் சொல்வதற்குமுன் அவளே நகர்ந்தாள்.
ஏழு தொப்பிகள் சிரித்துக்கொண்டிருக்க
படிக்கட்டுவரை விழுந்திருந்த
தன் ஈரக் கால்தடத்தைத்
தானே துடைத்துக்கொண்டு போனாள்.

கிழங்கு கறுக்கவில்லை. புரட்டாசி மழை.
இரண்டாம் நாள் பூஞ்சை பூத்தது.
தேறியதை ஒரு பிடி முந்தானையில் முடிந்துபோய்
மறுநாள் காரக்குழம்பாகக் கொண்டுவந்தாள்.
மரிசோல் தின்று பார்த்து "இது அதில்லை" என்றாள்.
பிறகு தட்டை நீட்டினாள், இன்னொரு கரண்டிக்கு.

தலைமை அலுவலகப் படிவம் கேட்கிறது:
பங்கேற்றோர் எத்தனை பேர்?
எட்டு என்று அடித்தேன்.
எட்டாவது ஆளின் பணியாளர் எண்ணைக் கேட்டுச்
சிவந்து நிற்கிறது கட்டம்.
நான் எண்ணிக்கையைக் குறைக்கவில்லை,
படிவத்தை அனுப்பவுமில்லை.
தினம் ஒரு நினைவூட்டல் வருகிறது,
இந்த ஒரு மாதம் மட்டும்
ஸ்பானிஷில்.